பின்கழுத்து

பேருந்து நிலையத்திலிருந்து தபால் நிலையத்துக்குப் போகும் தெருவில், பாத்திரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, இரண்டே நாற்காலி போட்ட ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை உண்டு, ஆனால் அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அது ஊமைக்கடை. கடைக்காரருக்கு வாயில் ஒரு குறையும் கிடையாது. உட்காருங்க, குனிங்க, ஆச்சு என்று மூன்று வார்த்தை சொல்வார், அதோடு சரி. முடிவெட்டுகிற கடையில் ஊர்வம்பு பேசாமல் மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வீட்டில் ஒரு பேச்சு, அலுவலகத்தில் ஒரு பேச்சு என்று காது புளித்துப்போனவனுக்குக் கால்மணி நேரம் கண்ணை மூடி உட்கார ஓர் இடம் வேண்டாமா என்று பழைய வாடிக்கையாளர்கள் பதில் சொல்வார்கள்.

அந்தக் கடையில் இன்னொன்றும் கிடையாது. வேறு எந்தக் கடையிலும் வெட்டி முடித்ததும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்து, கழுத்து சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று காட்டுவார்கள். இவர் காட்ட மாட்டார். கைக்கண்ணாடி என்ற பொருளே அங்கே இல்லை. கேட்டால், நான் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்பார். பின்கழுத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி வட்டமாகத்தான் ஒதுக்குவார். வேறு மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்தால் எதிர்ச்சாரிக் கடையைக் கைகாட்டிவிடுவார்.

அதைவிட வேடிக்கை, வீட்டு ஆட்களுக்கு அவர் முடி வெட்டியதே இல்லை. ஒரே மகள். சின்ன வயதில் அவள் தலையை அம்மாதான் சமையலறைக் கத்தரியால் வெட்டிவிடுவாள். நெற்றியில் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கும். முடிவெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளையின் தலையைப் பார் என்று வகுப்பே சிரிக்கும். அழுதுகொண்டு வருகிற மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார், மிட்டாய் வாங்கிக் கொடுப்பார், கத்தரியை மட்டும் தொட மாட்டார். ஏன் என்று கேட்கிற உரிமை மனைவிக்கு இருந்தது. அவள் கேட்டதில்லை.

மனைவிக்குத் தபால் நிலையத்தின் பின்அறையில் கடிதங்களைப் பிரித்து முத்திரை குத்துகிற வேலை. அங்கே அவள் மேசை மட்டும் சுவரோடு ஒட்டி, வாசலைப் பார்த்தபடி கிடக்கும். வீட்டிலும் அப்படித்தான். வாசலுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தெருவில் ஒரு லாரி வந்து நின்று இஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால், எது கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பை உண்டு. மூன்று பேருடைய சான்றிதழ்கள், ஒரு டார்ச், தண்ணீர்ப் பாட்டில், மாற்று உடுப்பு. மாதம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவாள். மகள் வளர வளர உடுப்பின் அளவையும் மாற்றினாள். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும் என்றே பத்து வயதுவரை மகளுக்கு எண்ணம். ஒருநாள் தோழி வீட்டில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, உங்க வீட்டுப் பை எங்கே என்று கேட்டாளாம். தோழியின் அம்மா சிரித்துவிட்டு, அப்புறம் விஷயம் புரிந்து முகம் மாறிப்போனாளாம்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. இந்த ஊர்க்காரர்களுடைய இன மக்களைப் பூண்டோடு அழித்துவிடுவது என்று எங்கோ மேலே உட்கார்ந்து யாரோ முடிவெடுத்து, ஊர் ஊராகப் பட்டியல் போட்டு, படையை அனுப்பினார்கள். இந்த ஊரின் முறை வந்தபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஏதோ அடையாள அட்டை சரிபார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சிலர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். இருநூறு பேருக்கு மேல். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மனைவிக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் பதினாறு வயது அண்ணனும் மைதானத்துக்குப் போனார்கள். அவளும் அம்மாவும் பரணில் ஏறிக்கொண்டார்கள். வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே. ஓட்டு இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். மறுநாள் காலையில்தான் பெண்களை உள்ளே விட்டார்கள். எல்லோரும் முகங்குப்புறக் கிடந்தார்கள். திருப்பிப் பார்த்தாலும் முகம் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லாமல் சுட்டிருந்தார்கள். அப்பா எந்தக் குவியலில் கிடந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணனை மட்டும் அம்மா பின்கழுத்தைப் பார்த்து, இவன்தான் என் பிள்ளை என்று சொன்னாள். கல்யாணமான புதிதில் அவள் கணவரிடம் இதைச் சொன்னாள். பிறகும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

சொல்லுவதற்கு அவர் ஒருவர்தான் அவளுக்கு இருந்தார். காரணம், அவர் அதைப் பார்க்கவில்லை. அப்போது அவருக்கும் பதினாறு வயது. அப்பாவுக்குச் சவரக்கத்தி வாங்க மாமாவோடு மூன்று நாள் முன்னதாகவே வெளியூர் போய்விட்டேன், ஊரிலேயே இல்லை, அப்பாவும் இல்லாமல் போனார் என்று திரும்பி வந்துதான் தெரிந்தது என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார். ஊரில் மிஞ்சிய ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குள் அந்த மைதானம். யாரிடம் சொல்லப் போனாலும், சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள். இவரிடம் அந்தத் தொல்லை இல்லை. அவள் அழுது முடித்ததும் எப்போதும் ஒன்றைச் சொல்வாள்.

"நீங்களாவது பாக்காம இருந்தீங்களே. இந்த வீட்டுல ஒருத்தர் கண்ணாவது சுத்தமா இருக்கே."

ஒவ்வொரு தடவையும் அவர் அதை மென்று விழுங்கினார். மூன்று நாள் முன்னதாகப் போனார் என்பது பொய். அன்று காலை அவர் ஊரில்தான் இருந்தார். விடிந்தும் விடியாததுமாக ஒரு சிப்பாய் வந்து கடைக்கதவைத் தட்டி, அப்பாவையும் மகனையும் முகாமுக்கு அழைத்துப் போனான். நாற்பது பேருக்கு முடி வெட்ட வேண்டும், அதிகாரி வருகிறார் என்று சொன்னான். இருவரும் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார வைத்து வெட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் அந்த நாற்பது பேர்தான் மைதானத்தில் நின்றார்கள்.

அப்பாவின் கை ஊருக்கே தெரிந்த கை. பின்கழுத்தை அவர் நேராகவும் வெட்ட மாட்டார், வட்டமாகவும் வெட்ட மாட்டார். இரண்டு பக்கமும் சரித்துக்கொண்டு வந்து, நடுவில் இலை நுனி மாதிரி ஒரு சின்ன முனை விட்டு நிறுத்துவார். ஊரில் ஆண்பிள்ளை என்று ஒருத்தன் நடந்து போனால் பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த முனை தெரியும். அன்று காலை அதே முனையைச் சிப்பாய்களுக்கும் வைத்தார்கள். கை வேறு எதுவும் அறியாது. அதற்குப் பிறகு ஊமைக்கடைக்காரர் அந்த முனையை யாருக்கும் வைத்ததில்லை.

இப்படி வட்டக் கழுத்தாகவே அவர் மிச்சக் காலத்தையும் ஓட்டியிருப்பார். படம் எடுக்கிறோம் என்று வந்து சேர்ந்தார்கள். அந்த நாளைப் பற்றிய படம். இயக்குநர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. குரலே வெளியில் வராது, ஆனால் நினைத்ததை விடாத ரகம். அவருடைய தகப்பனாரும் இப்படி ஓர் ஊரில் தப்பியவராம், சாகும்வரை வாயைத் திறக்கவில்லையாம். குடிநீர் வாரிய அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் இருந்த மகள், சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு படக்குழுவுக்கு ஊர் ஆட்களைத் திரட்டிக் கொடுக்கிற பொறுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீங்க ரெண்டு பேரும் சொல்லாததை யாராவது ஒருத்தர் சொல்லட்டுமே, நான் பையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் என்று மகள் திருப்பிச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் மகள் கடைக்கே வந்தாள். சிப்பாய் வேடம் போடுகிற நாற்பது பேருக்கு ஒரே காலையில் முடி வெட்ட வேண்டும், படக்குழுவில் இருப்பது இரண்டே பேர், நீங்களும் வந்து கை கொடுங்கள் அப்பா என்றாள். நாற்பது என்றதும் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் முடியாது என்று கேட்டால் என்ன சொல்வது? ஊரில் இல்லாதவனுக்குச் சிப்பாய் வேடத்தைக் கண்டு என்ன பயம்? சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கிடங்கில் பள்ளிக்கூடம் மாதிரியே கட்டியிருந்தார்கள். தூண் எண்ணிக்கை தப்பாக இருந்தது, மணி தொங்கிய இடமும் தப்பு. அந்தத் தப்புகள் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தன. அந்தக் காலத்தில் மெஷின் கிடையாது, கத்தரியும் சீப்பும் கத்தியும் மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்து வெட்டுவதற்குச் சுவரில் பழைய புகைப்படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் முன்பக்கம் எடுத்தவை, தலையில் தொப்பியோடு. பின்னால் எப்படி இருந்தது என்று உலகத்தில் யாரிடமும் படம் இல்லை.

விளையாட்டு விடுதிப் பையன்கள். முதுகு விறைப்பும் அகலத் தோளும் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். முக்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியில் விட்டு, கிருதாவைக் காதுக்கு மேலே தூக்கி, அடுத்தவன், அடுத்தவன் என்று வேலை ஓடியது. படக்குழுவின் ஆட்கள் ஒரு தலையை முடிப்பதற்குள் இவர் மூன்று முடித்தார். பேச்சில்லை. முக்காலி, சாம்பல் நிறத் துணி, கழுத்து, அடுத்த கழுத்து. எண்ணிப் பார்த்தால் இருபது பேர்வரை அவர் கைவழியாகப் போயிருப்பார்கள்.

துணியை உதறிவிட்டு நிமிர்ந்தபோது, இவரிடம் வெட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு குட்டைச்சுவரில் வரிசையாக, இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருபது கழுத்திலும் நடுவில் முனை இருந்தது.

அவருக்கு எந்தத் தலையில் தொடங்கியது என்றுகூட நினைவில்லை. நாற்பத்தொரு வருடமாக வட்டம் போட்டுப் பழகிய கை, முக்காலியையும் சாம்பல் துணியையும் பார்த்ததும் தன் பாட்டுக்குப் பழைய வேலையைப் பார்த்துவிட்டிருந்தது. ஓடிப்போய் ஒவ்வொருவனாக இழுத்து உட்காரவைத்து வழித்துவிடலாமா என்று கத்தியை எடுத்தார். அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். வரிசையின் பின்னால் நடந்து, நின்று, திரும்ப நடந்து பார்த்தார். இது என்ன, யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த மெல்லிய குரலில் கேட்டார்.

"சும்மா தோணுச்சு," என்றார் இவர்.

தோன்றியது தோன்றியபடியே இருக்கட்டும், மிச்சப் பேருக்கும் அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, கேமராவை எடுத்துக் கழுத்துகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார் இயக்குநர். சிப்பாய்களின் முகம் வேண்டாம், பின்னால் இருந்தே முழுக் காட்சியும் எடுக்கலாம் என்றார். ஊமைக்கடைக்காரர் மறைத்துவைத்ததை வெள்ளித்திரை அகலத்துக்குக் காட்டப் போகிறார்கள். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கொஞ்சங்கூட மனச்சாட்சி கிடையாது.

அன்று பார்த்து அவர் மனைவியும் அங்கே வந்திருந்தாள். மறுநாள் பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று மகள் நாலு நாளாகக் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். கயிறு கட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெண்களோடு நின்றாள். காட்சி எடுக்க எல்லோரையும் விலகச் சொன்னதும், சுவரில் உட்கார்ந்திருந்த கழுத்துகள் அவள் கண்ணில் பட்டன. அவர் இந்தப் பக்கத்திலிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை, மயங்கவும் இல்லை. முதல் கழுத்திலிருந்து கடைசிக் கழுத்துவரை நிதானமாக, தபால் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று மகள் ஓடிவந்தாள். நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு அவர் கிளம்பினார். வீட்டில் அவள் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போகத் தோன்றியது.

கடைக்கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில், கண்ணாடியைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் பின்னால் போய் நின்றார். இருபத்தேழு வருடமாகக் கூட வாழ்ந்தவளை, வாடிக்கையாளர் மாதிரி கண்ணாடிக்குள் பார்த்தார்.

ஓட்டு இடுக்கில் அவள் பார்த்தது மைதானத்தை அல்ல என்று சொன்னாள். மைதானம் பின்னால் மறைவில் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது குட்டைச்சுவரும் அதில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த சிப்பாய்களின் கழுத்தும்தான். புதிதாக வெட்டிய கழுத்து, வெளேரென்று, நடுவில் முனையோடு. நம்ம ஊர் வெட்டு, அப்படியானால் இவர்கள் நம்மவர்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டதாம். அம்மாவின் காதிலும் அதைச் சொன்னதாம். இந்த ஒன்றை மட்டும் அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு முட்டாளாக இருந்தோமே என்ற வெட்கம்.

"உங்கப்பா வெட்டியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். பாவம், அவரக் கட்டாயப்படுத்தியிருப்பாங்க. நீங்களும் வெட்டுனீங்களா?"

"ஆமா," என்றார்.

அதன்பிறகு அவர் வாய் நிற்கவில்லை. ஊமைக்கடையில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அப்பாவும் அவரும் ஆளுக்கு இருபது பேர். அவருடைய கடைசி ஆளுக்குப் பாதி வெட்டிக்கொண்டிருந்தபோது விசில் ஊதினார்கள். அந்த ஆள் பாதித் தலையோடு எழுந்து ஓடினான். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார், இவரும் சிரித்தார். மத்தியானம் மைதானத்தில் அப்பாவோடு வரிசையில் நின்றபோது, அந்தப் பாதித் தலைக்காரன் இவரைக் கண்டுகொண்டான். சட்டையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தான். பள்ளிக்கூடச் சமையற்கட்டுச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, முடித்துவிடு என்றான். அவர் வெட்டத் தொடங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் சுடத் தொடங்கினார்கள். அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். முனையும் வைத்தார். முடிந்ததும் அந்த ஆள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஓடு என்றான். ஓடினார்.

வெளியே பாத்திரக் கடையில் யாரோ அடுக்கைச் சரித்துவிட்டு ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கை நடுங்குச்சா?"

அவர் வாழ்நாள் முழுக்கப் பயந்த கேள்வி இதுதான். ஏன் வெட்டினாய், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் சொல்வதற்குப் பதினாறு வயது என்று ஒரு பதில் இருந்தது. இதற்கு எந்தப் பதிலும் இல்லை.

"இல்ல. ஒரு முடி பிசகல."

அவள் எழுந்து, நாற்காலிக் கையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். நாளைக்கு ஊர் ஆட்களாக நடிக்கிறவர்களைத் தயார் பண்ணப் போகிறார்களாம், அவர்களுக்கு வட்டமாக வெட்டுவதாகப் பேசிக்கொண்டார்கள், நான் கேட்டேன் என்றாள். சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை.

"செத்தவங்களுக்கும் அதே கழுத்துத்தான். சுட்டவங்களுக்கு மட்டும் வெட்டிட்டு வந்தா எப்படி? நாளைக்கு நீங்க வெட்டுங்க. நான் வந்து உக்காந்துக்குறேன்."

அன்று வீட்டில் மூவரும் சாப்பிட்டார்கள். மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எப்போது கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி மனைவி தன்னிடம் எதையும் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. சுத்தமான கண் என்று நம்பித்தான் சொன்னாள். அது போய்விட்டது. இனிமேல் அவளுக்கு அழக்கூட ஓர் இடம் இல்லாமல் ஆக்கிவிட்டேனே என்று மனதுக்குள் குமைந்தார்.

மறுநாள் காலை கிடங்கில் அவள் ஒரு மடக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாசலையும் அவரையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். ஊர்க்காரர்களாக நடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அதில் பாதிப் பேர் செத்தவர்களின் சொந்தப் பேரன்மார், அக்கா மகன்மார், தம்பி மகன்மார். என் தாத்தாவாக நடிக்கிறேன் என்று ஒருவன் பெருமையாகச் சொன்னான். கைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையைக் கொடுத்தான் இன்னொருவன். அவர் எல்லோருக்கும் முனை வைத்தார். எத்தனை மணி நேரம் என்று தெரியாது. அவள் ஒருமுறைகூட எழுந்து போகவில்லை.

கடைசியாக வந்தவன் ஒரு பதினாறு வயதுப் பையன். முகங்குப்புறக் கிடக்கிற வரிசையில் முதலாவதாகக் கேமராவுக்கு அருகே கிடக்கப் போகிறவன் என்று மகள் சொன்னாள். படத்தில் தாய் அடையாளம் காண்கிற பிள்ளை இவன்தான் என்றாள். சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் பார்க்காமல் போய்விட்டாள்.

பையன் குனிந்தான். மெல்லிய கழுத்து, நடுவில் எலும்பு துருத்திக்கொண்டு. அவர் இடது பக்கம் சரித்துக்கொண்டு வந்தார். வலது பக்கம் தொடங்கியபோது கத்தரி நுனி ஆடியது. ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் ஆடியது. நாற்பத்தொரு வருடம் தாமதமாக வந்து சேர்ந்த நடுக்கம் அது, நிறுத்தினால் நிற்கிற மாதிரி இல்லை. வெட்டி முடித்தபோது முனை நடுவில் இல்லை. வலது பக்கம் இழுத்துக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல் கோணலாக நின்றது.

படக்குழுவின் முடிதிருத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை ஐயா, நான் சரி பண்ணிவிடுகிறேன் என்று கத்தியோடு வந்தார். மனைவி எழுந்து வந்து அந்த ஆளின் கையைத் தடுத்தாள். பையனின் கழுத்துக்குப் பின்னால் நின்று, அந்தக் கோணலை ஒரு விரலால் தொட்டாள்.

"விடுங்க. இப்படித்தான் இருந்துச்சு."

கணவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணன் கழுத்து. முந்தின நாள் சாயங்காலம் வெட்டிக்கிட்டு வந்து நின்னான். யாருடா இப்படிக் கோணலா வெட்டுனதுன்னு அம்மா கேட்டா. என் கூட்டாளிதான், அவங்கப்பா கடையில இல்லாத நேரம் பாத்து என் தலையில பழகுனான்னு சிரிச்சான்."

அவருக்கு நினைவு வந்தது. அப்பா வெளியே போயிருந்த அரைமணி நேரம். நண்பன் நாற்காலியில் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்தான். ஆடாதே என்று அதட்டியும் கேட்கவில்லை. அந்த ஊரில் இருநூறு கழுத்துக்கும் ஒரே முனை இருந்தபோது, ஒரு தாய் எப்படித் தன் பிள்ளையின் கழுத்தை மட்டும் கண்டுபிடித்தாள் என்று அவர் இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"அப்போ நான் ஊர்லதான் இருந்தேன்னு..."

"பொண்ணு பாக்க வந்தீங்களே, மூணு நாள் முன்னாடியே போயிட்டேன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும்," என்றாள். "நீங்க கோணலா வெட்டலேன்னா அவனையும் அப்பாவைப் போலத்தான் தேடிக்கிட்டு இருந்திருப்போம்."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் எப்படி இருக்கிறது, கண்ணாடி காட்டுங்கள் என்று கேட்டான். முடிதிருத்துநர் தன்னுடைய கைக்கண்ணாடியை நீட்டினார். ஊமைக்கடைக்காரர் அதை வாங்கிப் பையனின் கழுத்துக்குப் பின்னால் பிடித்தார். கண்ணாடி ஆடிக்கொண்டே இருந்ததால் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பக்கத்தில் வந்து, கண்ணாடியின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.